காக்கைக் கூட்டுக்குப் போகவிருந்த சுடலைக்குயில் குஞ்சு

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, உச்சிப்புளி வட்டாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் நடந்தது இது. வேலி கழிக்கும்போது கீழே விழுந்த ஒரு குஞ்சு, சனிக்கிழமை மாலை 5.15 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை தன்னை ஊட்டி வளர்த்த பறவைகளைப் பிரிந்திருந்தது. அந்தப் பதினான்கு மணி நேரத்துக்குள் அதற்கு நான்கு பெயர்கள் சொல்லப்பட்டன. ஒவ்வொரு பெயரும் குஞ்சை ஒவ்வோர் இடத்துக்கு அனுப்பியிருக்கும். அவற்றில் ஒன்று நேராகச் சாவுக்கு அனுப்பியிருக்கும். குஞ்சை அடையாளம் காண்பதுதான் இங்கே சிகிச்சையின் முதல் படியாக இருந்தது என்பதால், அந்தப் பகுதியை விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

இடமும் ஆட்களும்

தோப்பு ஏறக்குறைய 3 ஏக்கர். தெற்கே நடந்து போகும் தூரத்தில் மன்னார் வளைகுடா. தென்னையைத் தவிரக் கிணற்றடியில் நான்கு முருங்கை, ஒரு புங்கை, ஒரு பூவரசு. மூன்று பக்கமும் உயிர்வேலி. இந்தக் கரைக்கே உரிய, குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரமும் இடையிடையே சீமைக்கருவேலும் பனைமட்டை அடைப்பும் கலந்தது. வேலிக்கு அப்பால் புறம்போக்கில் பனையும் உடங்காடும்.

தோப்பைப் பார்த்துக்கொள்வது ஓர் அப்பத்தா, அவருடைய இளைய மகன், பள்ளிக்குப் போகும் பேத்தி. அவர்களுக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டைக் கண்மாய்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புகளுக்குப் போய்வருபவர். இந்த நால்வர்தான் நிகழ்வில் வருகிறார்கள்.

தோப்பில் 9 தவிட்டுக்குருவிகள் கொண்ட ஒரு கூட்டம் நிரந்தரமாகத் திரிகிறது. மண்ணிற உடல், வெளிறிய தலை, மஞ்சள் அலகு, நீலம் பாய்ந்த வெள்ளைக் கண். சருகைக் கிளறிக்கொண்டே நகரும்; ஒன்று கத்தினால் ஒன்பதும் கத்தும். கூடு கட்டிய இணைக்குக் கூட்டத்தின் மற்ற பறவைகளும் இரை கொண்டுவந்து உதவும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குஞ்சு பிழைத்ததற்கு இதுவே காரணம்.

பனை உச்சியில் உட்கார்ந்து "பியூ… பி, பி, பியூ" என்று உலோகத்தைத் தட்டுவதுபோல் கத்தும் கொண்டை வைத்த கருப்பு வெள்ளைப் பறவையை அப்பத்தா பல வருடமாகப் பார்த்திருக்கிறார். அதன் பெயரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சனிக்கிழமை மாலை

வடக்கு வேலியில் சாலைப் பக்கம் சாய்ந்த கிளைகளை மகன் அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தார். உடைக்கிளை ஒன்று விழுந்ததும் அதனுள்ளிருந்து குஞ்சு தரையில் குதித்தது. தவிட்டுக்குருவிகள் சூழ்ந்துகொண்டு கத்தின. நாய் வந்ததால் பேத்தி குஞ்சைப் பாவாடையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோனாள். குருவிகள் வீட்டு முற்றம் வரை பின்னாலேயே வந்து அரை மணி நேரம் ஓயாமல் கத்தியதை மூவரும் பார்த்தார்கள். "பருந்தப் பாத்து கத்துது போல" என்று விட்டுவிட்டார்கள்.

குஞ்சு மீன்கூடை ஒன்றில் வைக்கப்பட்டது. பாலில் பிசைந்த சோறு ஊட்டப்பட்டது. இரண்டு வாய் உள்ளே போனது, மிச்சம் அலகோரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. மூடியில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டபோது குஞ்சு தலையை உதறித் தும்மியது. அதோடு நிறுத்தியது நல்லதாயிற்று.

இந்த மூன்றுமே கனிவோடு செய்யப்பட்டவை, மூன்றுமே தவறு. பறவைக்குப் பால் செரிக்காது. பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் சத்து அதன் குடலில் இல்லாததால் வயிற்றுப்போக்கு வந்து உடல்நீர் வற்றும். பூச்சி தின்னும் குஞ்சுக்குச் சோறு வயிற்றை நிரப்புமே தவிர வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் தராது. தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. பறவையின் மூச்சுக்குழலின் வாய், நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. மேலிருந்து ஊற்றும் சொட்டு நேராக அதற்குள் இறங்கும். "நல்லாத்தான் இருந்துச்சு, ராத்திரி செத்துருச்சு" என்று சொல்லப்படும் குஞ்சுகளில் பல இப்படித்தான் போகின்றன.

படத்துக்கு வந்த பதில்கள்

மகன் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மேலிருந்து பிளாஷ் போட்டு எடுத்த படம். கூடைக்குள் கருப்பாக ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியவில்லை. வல்லூறுக் குஞ்சு, கரிச்சான், செம்போத்துக் குஞ்சு, குயில் குஞ்சு என்று பதில்கள் வந்தன. குயில் என்றவர்களே அதிகம்.

குயில் என்றதும் மகன் மனத்தில் முடிவு உருவாகிவிட்டது. கிணற்றடிக்கு மேற்கே ஒரு தென்னையில் காக்கை கூடு கட்டியிருந்தது. குயில் குஞ்சு காக்கைக் கூட்டில் வளரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் மரமேறுபவரை வைத்துக் குஞ்சை அதில் விட்டுவிடலாம் என்று நினைத்தார். இரவு 8.40-க்கு ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டதும் அதைத்தான்: "சார், குயில் குஞ்சுன்னா காக்கா கூட்டுலதான சார் இருக்கணும்? விடியக்காலம் ஏத்தி விட்டுரவா?"

பிற பறவையின் கூட்டில் முட்டையிடுவது நாம் அன்றாடம் கூவக் கேட்கும் குயில் மட்டுமல்ல என்பது ஊரில் பரவலாகத் தெரியாது. குயில் காக்கையை நம்பியிருக்கிறது. கொண்டை வைத்த கருப்பு வெள்ளைச் சுடலைக்குயிலும், அக்காக்குயில் என்ற இன்னொரு குயிலும் தவிட்டுக்குருவி இனத்தை நம்பியிருக்கின்றன. வேறு சில சிறு குயில்கள் சின்னஞ்சிறு புதர்க்குருவிகளின் கூட்டைத் தேடுகின்றன. காக்கைக் கூட்டில் தவிட்டுக்குருவி வளர்த்த குஞ்சைக் கொண்டுபோய் வைத்தால் காக்கை அதை இரையாகத்தான் பார்க்கும்.

நான்கு படங்கள்

ஆசிரியர் பதில் சொல்லாமல் நான்கு படம் கேட்டார். பிளாஷ் வேண்டாம், பக்கத்தில் விளக்கு போதும். ஒருவர் பிடிக்க ஒருவர் எடுக்க வேண்டும். மொத்தமும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கால், பக்கவாட்டில் அலகு, விரித்த ஓர் இறக்கை, வயிற்றுப் பக்கத்தோடு வாலின் அடி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு படமும் ஒரு சந்தேகத்தைத் தள்ளிவிடுகிறது.

கால்தான் முதலில். பேத்தியின் சுட்டுவிரலைக் குஞ்சு பற்றியிருந்தது: இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். வல்லூறுக்கும் கரிச்சானுக்கும் மூன்று முன்னால், ஒன்று பின்னால். ஆகவே அந்த இரண்டு பெயரும் இந்த ஒரு படத்திலேயே போயின. நகமும் சிறியது, வல்லூறின் நகம் குஞ்சிலேயே வளைந்து குத்தும். செம்போத்துக்கும் விரல் இரண்டிரண்டுதான், ஆனால் அதன் பின்விரல் ஒன்றில் நகம் நீண்டு நேராக நிற்கும். இந்தக் குஞ்சுக்கு அப்படி இல்லை. அதோடு செம்போத்து தன் குஞ்சைத் தானே வளர்ப்பது. அதைத் தவிட்டுக்குருவி தேடி வராது.

அலகு மெலிந்து, நுனி மட்டும் லேசாக வளைந்து, கருப்பாக இருந்தது. கீழலகின் அடி மஞ்சள். வாயோரத்தில் மஞ்சள் உதடு, வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பு. கண் பழுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் இல்லை. அக்காக்குயிலாக இருந்தால் அந்த வளையத்தைத் தேட வேண்டும்.

இறக்கையில்தான் முடிவு கிடைத்தது. மேல்புறம் புகைக்கரி படிந்த பழுப்பு. விரித்தபோது வெளி இறகுகளின் அடியில், புளியங்கொட்டை அகலத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. மூடியிருந்தால் ஒரு கீற்றாகத்தான் தெரியும். மேலிருந்து எடுத்த முதல் படத்தில் இருட்டோடு கலந்துவிட்டது. வளர்ந்த சுடலைக்குயில் பறக்கும்போது ஒவ்வொரு இறக்கையிலும் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பட்டை இதுதான். நம் பகுதிக் குயில்களில் கருமையான இறக்கையும் இப்படித் தனித்து நிற்கும் வெள்ளைத் திட்டும் சேர்ந்து வருவது இதற்கு மட்டுமே. குண்டுக்கரிச்சானுக்கும் கருப்பில் வெள்ளை உண்டு. ஆனால் அது இறக்கை நெடுக ஓடும் நீளக் கோடு, கால் அமைப்பும் வேறு.

வயிற்றுப் பக்கம் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய வேட்டி நிறம். கோடோ புள்ளியோ இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், அக்காக்குயிலின் இளம்பறவைக்கு வெள்ளை மார்பில் பழுப்புத் துளிகள் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். இளம் வல்லூறுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. அந்த இரண்டையும் படத்தில் பார்த்துக் குழம்பாதவர் குறைவு. இளங்குயிலோ உடல் முழுக்கக் கருமை. அதன் வயிறு இப்படி வெளுத்திருக்காது. வால் அரைகுறை, 6 சென்டிமீட்டர். ஒவ்வோர் இறகு நுனியிலும் அழுக்கு வெள்ளை. முழு வளர்ச்சியில் அந்த வால் நீண்டு படிப்படியாகக் குறுகும், நுனி வெள்ளையும் பளிச்சிடும்.

ஐந்தாவது அடையாளத்தைப் பேத்தியே சொன்னாள். விரலை நீட்டினால் குஞ்சின் பின்னந்தலை முடி எழுந்து நிற்கிறது, "சார், கொண்ட மாதிரி நிக்குது." சுடலைக்குயிலின் கொண்டை குஞ்சிலேயே அரும்பிவிடும். அப்பத்தா பனையில் பார்த்த பறவைக்கும் கூடையிலிருந்த குஞ்சுக்கும் தொடர்பு அந்த நிமிடத்தில்தான் வீட்டில் உறைத்தது.

கொண்டையுள்ள இன்னொரு குயிலும் இந்தக் கரைக்கு வரும்: செவ்விறக்கைக் கொண்டைக்குயில். அது குளிர்கால விருந்தாளி. செங்கல் நிற இறக்கையும் கழுத்தின் பின்னால் வெள்ளைப் பட்டையும் உள்ளது. இங்கே முட்டையிடுவதில்லை என்பதால் உள்ளூரில் கூடிறங்கிய, அதாவது கூட்டைவிட்டு வெளியே வந்த, குஞ்சு அதுவாக இருக்க வழியில்லை.

பிறகு ஆசிரியர் கேட்ட கேள்வி படத்தில் இல்லாதது: எடுக்கும்போது யார் கத்தினார்கள்? எங்கள் கருத்தில் முதல் நிமிடத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. குஞ்சை எந்தப் பறவை தேடுகிறதோ அதுதான் அதை வளர்க்கிறது. சுடலைக்குயிலா அக்காக்குயிலா என்று தீர்மானிக்க முடியாமல் போயிருந்தாலும், தவிட்டுக்குருவி தேடியது என்ற ஒன்றே குஞ்சு போக வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டிருக்கும்.

இரவில் எடுத்த முடிவு

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அப்போதே வேலிக்குக் கொண்டுபோகலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. இருட்டில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக அடைந்திருக்கும், இரை தர வராது. பூனையும் பாம்பும் நடமாடும் நேரம் அது.

மீன்கூடையிலிருந்து குஞ்சு செருப்புப் பெட்டிக்கு மாறியது. பக்கத்தில் பென்சில் தடிமனில் எட்டுத் துளை. அடியில் பழைய பருத்திச் சேலைத் துண்டு. துவாலை போடக்கூடாது, அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக் கால் சுளுக்கிக்கொள்ளும். அலகோரத்துச் சோற்றை ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தார்கள். சமையலறைத் தராசில் எடை 52 கிராம். இரண்டு இறக்கையும் ஒரே உயரத்தில் மடிந்திருந்தன, விரல் பிடி இறுக்கமாக இருந்தது, ரத்தம் எங்கும் இல்லை. இந்த மூன்றும் சரியாக இருந்ததால்தான் மறுநாள் காலை திருப்பி வைப்பது என்ற முடிவு. ஓர் இறக்கை தொங்கியிருந்தால் முதலில் கால்நடை மருத்துவர், பிறகு வனத்துறை என்று வழி மாறியிருக்கும்.

இரவில் உணவு இல்லை, தண்ணீர் இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. இந்த வயதுக் குஞ்சு இருட்டியபின் உண்பதில்லை. வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் அதன் சூட்டையும் பலத்தையும் வீணாக்கும்.

வீட்டிலேயே வளர்க்கலாம் என்ற ஆசை பேத்திக்கு இருந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப்பறவையை அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பகல் முழுக்க அரை மணிக்கொரு முறை பூச்சி பிடித்துக் கொடுக்க எந்த வீட்டாலும் முடியாது, ஒன்பது தவிட்டுக்குருவிகளால் முடியும்.

ஞாயிறு காலை: முதல் முயற்சி

5.50-க்கு இரண்டு சிறிய வெட்டுக்கிளிகள், பின்னங்காலும் தலையும் கிள்ளி எடுத்து, கொடுக்கப்பட்டன. வயிறு நிறையக் கொடுக்காதது வேண்டுமென்றே. பசித்த குஞ்சுதான் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் வளர்ப்புப் பறவை வரும்.

6.15-க்குப் பனையோலைக் கொட்டான் ஒன்றில் தென்னந்தும்பு பரப்பி, அதில் குஞ்சை வைத்துக் கிணற்றடி முருங்கையில் கட்டினார்கள். வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், பூனை வந்தால் விரட்டலாம் என்பது எண்ணம். பலிக்கவில்லை. கொட்டான் ஒரு சாண் ஆழம். குஞ்சு அடியில் பதுங்கிச் சத்தமே போடவில்லை. எடுத்த இடத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி இருந்ததால் தவிட்டுக்குருவிகள் இந்தப் பக்கமே வரவில்லை. 6.35-க்கு இரண்டு காக்கைகள் முருங்கைக் கிளையில் வந்து அமர்ந்து கொட்டானுக்குள் எட்டிப் பார்த்தன. மேற்குத் தென்னையின் காக்கைகள்தான். உடனே கொட்டான் இறக்கப்பட்டது.

கொட்டான் அல்லது கூடை, இன்னும் கூடிறங்காத குஞ்சுக்கு உதவும். கிளையைப் பிடித்து உட்காரத் தெரிந்த குஞ்சுக்கு அது சிறை. இதை முன்கூட்டியே ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டும். விரலை இறுகப் பிடிக்கிறது என்று முந்தின இரவே தெரிந்திருந்தது.

இரண்டாவது முயற்சி

6.50-க்கு வடக்கு வேலியில், கிளை விழுந்த அதே இடத்துக்குப் போனார்கள். வெட்டாமல் விட்ட உடைமரத்தின் உட்கிளை ஒன்று, ஆள் உயரத்தில், மேலே நிழலும் சுற்றிலும் முள்ளும் இருந்தது. குஞ்சின் காலைக் கிளையில் பட வைத்ததும் அது பற்றிக்கொண்டது. கையை மெதுவாகக் கீழ்வழியாக எடுத்துவிட்டு எல்லோரும் 25 மீட்டர் பின்வாங்கித் தென்னோலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நாய் கட்டிப்போடப்பட்டது.

மனித வாடை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்று அப்பத்தா கவலைப்பட்டார். சிறு பறவைகள் தங்கள் குஞ்சை வாடையால் தள்ளிவைப்பதில்லை. சத்தமும் திறந்த வாயும்தான் அவற்றை இழுக்கும். அவற்றை அண்டவிடாமல் செய்வது அருகில் நிற்கும் ஆள்தான்.

7.08-க்குக் குஞ்சு கத்தத் தொடங்கியது. நிறுத்தாமல், நூல் இழுப்பதுபோல் மெல்லிய கீச்சு. 7.16-க்கு ஒரு தவிட்டுக்குருவி வேலியடியில் தெரிந்தது, கிளை கிளையாக ஏறி அரை மீட்டர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. அந்தப் பத்து நிமிடம் காத்திருந்தவர்களுக்கு நீளமாக இருந்தது. 7.27-க்கு அதுவோ வேறொன்றோ பச்சைப்புழு ஒன்றோடு வந்தது. குஞ்சு இறக்கையை நடுக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, சிவந்த வாயை முழுக்கத் திறந்தது. குருவியின் தலை கண் வரை அந்த வாய்க்குள் போய் வந்தது. வளர்த்த பறவையைவிட வளர்க்கப்பட்டது பருமனாக இருப்பதை அப்பத்தா அப்போதுதான் கவனித்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் 11 முறை இரை வந்தது. குறைந்தது மூன்று பறவைகள் கொண்டுவந்தன. ஒன்றுக்கு வாலில் ஓர் இறகு குறைந்திருந்ததால் பிரித்தறிய முடிந்தது. பத்து மணிக்குள் குருவிகள் முன்னே போய்க் கூப்பிட, குஞ்சு தாவித் தாவி வேலியின் அடர்ந்த பகுதிக்குள் போய்விட்டது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் எந்தக் குருவியும் வராதிருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பது என்று பேசி வைத்திருந்தார்கள், அதற்குத் தேவைப்படவில்லை.

இதைக் காப்பாற்ற வேண்டுமா?

அன்று பகலிலேயே வீட்டில் வாக்குவாதம். தவிட்டுக்குருவியின் குஞ்சு ஒன்றும் அதே வேலியில் இருந்தது, இதில் பாதி உருவம். கேட்டு வாங்கத் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருந்தது. மகன் சொன்னார்: "ஊரான் வீட்டுச் சோத்தத் திங்கிற குஞ்சுக்கா இவ்வளவு பாடு?" பேத்தி கேட்டது வேறு மாதிரி: "அப்ப தவிட்டுக்குருவிக் குஞ்சு பாவமில்லையா சார்?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தவிட்டுக்குருவிக்கு இழப்பு உண்மையிலேயே உண்டு. தவிட்டுக்குருவி முட்டை நல்ல நீலப்பச்சை. சுடலைக்குயில் முட்டையும் அதே நிறம். ஆண் பறவை குருவிகளை வம்புக்கிழுத்துத் திசைதிருப்ப, பெண் பறவை கூட்டின் விளிம்பில் அமர்ந்து நொடிகளில் முட்டையைப் போட்டுவிட்டுப் போகும். மேலிருந்து விழும் முட்டை குருவியின் முட்டையைக் கீறுவதும் உண்டு. ஒரே கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குயில் முட்டையும் காணப்பட்டிருக்கிறது. குயில் முட்டை பெரும்பாலும் முந்திப் பொரிக்கும். அக்காக்குயில் குஞ்சு வளர்ப்புப் பறவையின் முட்டையைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவது வழக்கம். சுடலைக்குயில் குஞ்சு அப்படித் தள்ளுவதில்லை. ஆனால் இரையில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்வதால் குருவிக்குஞ்சுகள் சில சமயம் பட்டினியில் மடிகின்றன.

ஆசிரியர் சொன்ன காரணம் இது: குஞ்சுகள் கூடிறங்கியாயிற்று. போன முட்டையும் போன குஞ்சும் இந்தக் குஞ்சை எடுப்பதால் திரும்பி வராது. எஞ்சிய குருவிக்குஞ்சுக்கும் இரை கொண்டுவர ஒன்பது பறவை இருக்கிறது. இரண்டும் இந்த மண்ணின் பறவைகள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்தக் குயில் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. தென்மேற்குப் பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வடஇந்தியாவுக்குப் போகும் கூட்டம் வேறு. இரண்டில் எது இருக்கலாம் என்று வேலியோரம் நின்று நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை.

மகனை இளக வைத்தது வேறொரு விவரம். மற்றப் பறவைகள் பெரும்பாலும் தொடாத கம்பளிப்புழுவைச் சுடலைக்குயில் தின்னும். புழுவை அலகில் நுனியிலிருந்து நுனி வரை நசுக்கிக் குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டு மீதியை விழுங்கும். முருங்கைத் தண்டில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்புழுவை ஒவ்வொரு வருடமும் தீப்பந்தம் காட்டிப் பொசுக்குபவர் அவர். அந்த முறை நான்கு மரத்தில் ஒன்றைப் பொசுக்காமல் விட்டுவைத்தார்.

அடுத்த மூன்று வாரம்

வடக்கு வேலி கழிப்பது நிறுத்தப்பட்டது. பேத்தி தினமும் காலை 7 மணிக்குக் கால் மணி நேரம் பார்த்து நோட்டில் குறித்தாள். ஒரே நேரம், ஒரே அளவு என்பதால் அந்தக் குறிப்புகளை ஒப்பிட முடிந்தது.

4-ஆம் நாள் தென்னையிலிருந்து தென்னைக்குப் பறந்தது, சுமார் 6 மீட்டர். இறங்கும்போது ஓலையில் வழுக்கியது. 9-ஆம் நாள் ஒரு பூனை வேலியடியில் பதுங்கியிருக்க, குருவிகள் எல்லாம் சேர்ந்து கத்தி விரட்டின; குஞ்சு மேல்கிளையில் அசையாமல் இருந்தது. 12-ஆம் நாள் விட்டுவைத்த முருங்கையில் கம்பளிப்புழு ஒன்றைக் கொத்தி, தட்டி, கீழே போட்டுவிட்டது. 16-ஆம் நாள் நசுக்கி விழுங்கியது. முதல் வாரத்தில் கால் மணி நேரத்துக்கு நான்கைந்து முறை வந்த இரை, 19-ஆம் நாள் ஒருமுறையாகக் குறைந்திருந்தது. குருவிகள் கொடுக்காமல் நகர்ந்து போக, குஞ்சு பின்னாலேயே கத்திக்கொண்டு போயிற்று. வால் அதற்குள் நன்றாக நீண்டிருந்தது. வயிற்றின் பழுப்பு மட்டும் மாறவில்லை.

22-ஆம் நாளுக்குப் பிறகு அது தோப்பில் தென்படவில்லை. இறகோ உடலோ கிடைக்கவில்லை. குருவிக்குஞ்சு கூட்டத்தோடு இருந்தது; இப்போது பத்து.

மாற்றிச் செய்ய வேண்டியவை

குஞ்சு விழுந்த உடனே நாயைப் பிடித்துக் கட்டி, குஞ்சை அருகிலிருந்த கிளையில் ஏற்றிவிட்டு விலகியிருந்தால் மீதி எதுவுமே நடந்திருக்காது. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, குருவிகள் தலைக்கு மேலேயே இருந்தன. இறகு முளைத்து, கிளையைப் பிடிக்கிற, குட்டைவால் குஞ்சு அநாதை அல்ல. அதை எடுத்துப் போவதுதான் அநாதையாக்குகிறது. நாய், பூனை, சாலை என்று உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் கைவைக்க வேண்டும், அதுவும் சில மீட்டர் நகர்த்துவதற்கு மட்டும்.

படம் போட்டு "இது என்ன?" என்று கேட்பவர்கள் அதோடு மூன்று விவரம் சேர்த்தால் பதில் சொல்பவருக்கு உதவும்: எந்த மரம், எத்தனை மணி, எந்தப் பறவை சுற்றி நின்று கத்தியது. பதில் சொல்பவர்கள் பெயரைச் சொல்லும் முன் காலைக் காட்டச் சொல்ல வேண்டும். குயில் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது இந்த நிகழ்வில் பாதி உண்மையாகவும் முழு ஆபத்தாகவும் இருந்தது.

வேலி வேலையின் முறையும் இந்தத் தோப்பில் மாறியிருக்கிறது. கழிக்கும் முன்தினம் காலை ஒருவர் வேலியோரம் அரை மணி நேரம் உட்காருகிறார். தவிட்டுக்குருவி வாயில் புழுவோடு ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பப் போனால் அந்தப் புதரின் இருபக்கமும் பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டப்படுகிறது. துணி இருக்கும் வரை அந்தத் துண்டில் அரிவாள் படுவதில்லை.